காபிக் கடைச் சுவரில் என் கடிதங்கள்

சென்ற முறை நில அளவைச் சங்கிலியோடு வரப்பில் நின்ற நாட்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறையும் அதைத்தான் தொடர்வதாக இருந்தேன். நடுவில் ஒன்று நடந்துவிட்டது. மனசு ஆறமாட்டேன் என்கிறது. அதை இறக்கி வைத்தால்தான் சங்கிலியை மறுபடி கையில் எடுக்க முடியும்.

கும்பகோணத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு நானும் என் மகள் மல்லிகாவும் வெளியே வந்தோம். மருந்து விட்ட கண்ணில் வெயில் குத்தியது.

"ப்பா, புதுசா ஒரு காபிக் கடை வந்திருக்கு. கொஞ்ச நேரம் நிழல்ல உக்காந்துட்டுப் போவோம்" என்றாள்.

பித்தளை டபராவில் காபி வந்தது. சிக்கரி தூக்கல். அதைச் சொல்லவும் சொன்னேன். எதிர்ச் சுவர் முழுக்கப் பழைய தபால் கார்டுகளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து மாட்டியிருந்தார்கள். மேலே மஞ்சள் விளக்கு வேறு. இரண்டு கல்லூரிப் பெண்கள் அதன் முன்னால் கன்னத்தைச் சாய்த்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. வரிசைக்கு ஒன்பது, எட்டு வரிசை, எழுபத்திரண்டு கார்டு. எழுத்து எதுவும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு கார்டில் வரிகள் வலது பக்கம் மேலே ஏறிக்கொண்டே போயின. இடம் போதாமல் கடைசி வரி ஓரத்தில் திரும்பி, பக்கவாட்டில் ஓடியது. அப்படி எழுதுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

"மல்லிகா, அதைப் போய்ப் படி."

அவள் போனாள். படித்தாள், சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ப்பா, இது நான் பொறந்ததுக்கு நீங்க போட்ட கார்டு."

அங்கேயே நின்று படித்துக் காட்டினாள். 'அன்புள்ள நண்பர் கலியபெருமாளுக்கு, பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். நிறம் அம்மாவைப் போல. காது மட்டும் என்னுடையது, பாவம்.'

"ஊருக்கே என் காதைக் காட்டியாச்சு" என்றாள். படம் எடுத்த பெண்கள் அவள் காதைப் பார்த்தார்கள்.

கருப்பு ஓரம்

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார்டைச் சுற்றி ஏதோ இருட்டாகத் தெரிந்தது. "ஓரத்துல என்ன?" என்று கேட்டேன்.

"கருப்பா தீட்டியிருக்குப்பா. எல்லாக் கார்டுலயும் நாலு ஓரமும்."

இளையவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம், பிரசவம் போன்ற நல்ல செய்தி என்றால் கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவோம். சாவுச் செய்தி என்றால் ஓரத்தில் கருப்பு. கருப்பைக் கண்டதும் தபால்காரர் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே கூப்பிட்டுக் கொடுப்பார். படித்தவுடன் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகுவார்கள். அந்தக் கார்டு ஒரு வேளைகூட வீட்டில் தங்கக்கூடாது.

மல்லிகா பிறந்தபோது என் கையால் மஞ்சள் குழைத்துத் தடவி அனுப்பிய கார்டு அது. அதன் மேல் கருப்பு அடித்து, விளக்குப் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பிள்ளை பிறந்த வீட்டைச் சாவு வீடாக்கி வைத்திருக்கிறார்கள்.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். நாற்பது வயதிருக்கும். சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவராம். பணிவாகத்தான் வந்து நின்றார்.

"ஓரத்துக்கு ஏன் கருப்பு அடிச்சிருக்கீங்க?"

"அது பழைய லுக்குக்காக சார். சும்மா வச்சா புதுசு மாதிரி தெரியுதுன்னு டெக்கரேஷன்காரர் சொன்னாரு."

"அது பழசேதான்யா! பழசுக்கு எதுக்குப் பழைய லுக்கு?"

"எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சார் சொல்றாங்க."

"அதை எழுதினவன் நான். கழட்டிக் கொடுங்க."

அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். மல்லிகாவின் காதையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். நம்பிவிட்டார். ஆனாலும் அசையவில்லை.

"சார், எழுதினது நீங்கதான். ஒத்துக்கிறேன். ஆனா அனுப்பிட்டீங்கல்ல? அனுப்பினப்புறம் அது எப்படி உங்களுது ஆகும்?"

முப்பத்து நான்கு வருடம் பட்டா, சிட்டா, அடங்கல் என்று அடுத்தவர் பாத்தியதையை அளந்தவன் நான். எனக்கே பாத்தியதைப் பாடம்!

"நான் அனுப்பினது கலியபெருமாளுக்கு. உங்க கடைக்கு இல்ல."

"ப்பா, மெதுவா" என்றாள் மல்லிகா.

"பூம்புகார் பக்கத்துல ஒரு வீட்ல வாங்கினதுன்னு டெக்கரேஷன்காரர் சொன்னாரு சார். வீட்டைக் காலி பண்றாங்களாம். பழைய கதவு, ஜன்னல் எடுக்கப் போன இடத்துல இதுவும் கிடைச்சுதாம். காபிக்கு நீங்க எதுவும் கொடுக்க வேணாம் சார்."

காபி வாய்க்குள் கசந்தது. பூம்புகார் பக்கம்தான் கலியபெருமாள் வீடு. அதைக் காலி செய்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு வருடமாகக் கலியபெருமாளிடமிருந்து ஒரு கார்டு வரவில்லை. நான் போட்ட ஒன்பதுக்கும் பதில் இல்லை. தபாலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆள் போயிருப்பார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

மீன் வாசனையோடு வந்த கார்டு

கலியபெருமாள் யார் என்று சொல்ல வேண்டும்.

அப்போதெல்லாம் பத்திரிகைகளில் பேனா நண்பர்கள் என்று ஒரு பகுதி வரும். பெயர், வயது, பொழுதுபோக்கு, முகவரி. எல்லோரும் தபால்தலை சேகரிப்பது, இயற்கையை ரசிப்பது என்று போட்டிருக்க, ஒருவர் மட்டும் 'பொழுதுபோக்கு: படகு எஞ்சின் ரிப்பேர். தொழிலும் அதுவே' என்று போட்டிருந்தார். திருவிடைமருதூரிலிருந்து அவருக்கு ஒரு கார்டு போட்டேன். நாலாம் நாள் பதில் வந்தது. அதில் கருவாட்டு வாசனை அடித்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி அந்தக் கார்டுகளை இரண்டு விரலால்தான் தூக்குவாள். "உங்க கருவாட்டுக் கடுதாசி வந்திருக்கு" என்பாள். மற்றக் கடிதங்களைக் குத்தி வைக்கிற கம்பியில் அதைச் சேர்க்கவிடவில்லை. அதற்குக் கொல்லைப்புறம் தனிக் கம்பி.

எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு பஸ் தூரம்தான். ஆனால் சந்திப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம். யோசனை அவருடையது. 'பார்த்துவிட்டால் அப்புறம் எழுதுவதற்கு என்ன இருக்கும்?' என்று கேட்டிருந்தார்.

ஒரு முறை அளவை வேலையாகப் பூம்புகார் வரை போனேன். அவரைப் பார்க்கவில்லை. அங்கிருந்தே ஒரு கார்டு மட்டும் போட்டுவிட்டு வந்தேன். அவர் பதில் இப்படி இருந்தது: 'மீதிச் சில்லறைக்காகக் கண்டக்டரைக் குடையால் குத்திக்கொண்டிருந்தவர் நீங்கள்தானே? எதிர் டீக்கடையில் இருந்தேன். ஒப்பந்தப்படி கூப்பிடவில்லை.'

கார்டில் இடம் குறைவு. அதனால் பொய் சொல்ல வசதிப்படாது. அவர் சம்சாரம் தவறியபோது இரண்டே வரி எழுதினார். 'போய்விட்டாள். எஞ்சின் சத்தம் கேட்காத வீட்டில் இருந்து பழக்கமில்லை.' அதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது என் போனுக்கு விடிந்ததும் பூப்படம் வருகிறது. தாமரை, ரோஜா, ஆவி பறக்கும் காபிக் கோப்பை. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தோரு படம். அனுப்பியவர்களில் ஒருவர்கூட என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. யாரோ தங்களுக்கு அனுப்பியதை அப்படியே எனக்குத் தள்ளிவிடுகிறார்கள். பந்தியில் எச்சில் இலையைத் தள்ளினால் சும்மா இருப்போமா? இதற்கு மட்டும் கை கூப்புகிற பொம்மை போட்டு நன்றி சொல்ல வேண்டுமாம்.

அதைக்கூட விட்டுவிடலாம். ஒரு மனுஷன் செத்துப்போய், அவர் வீட்டில் என் கார்டு நூற்றுக்கணக்கில் கிடந்தும், ஒவ்வொன்றின் மேலும் என் விலாசம் இருந்தும், ஒரு வரி எழுதிப் போட ஆள் இல்லாமல் போயிற்றே! காபிக் கடையைப் பார்த்தா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?

துக்க வீடு

மறுநாளே கிளம்பினேன். மல்லிகா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். "தனியாப் போனீங்கன்னா அந்த வீட்ல யாரையாவது குடையால குத்திடுவீங்க" என்றாள்.

மயிலாடுதுறையில் பஸ் மாறினோம். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் இளம்பச்சையாக இருந்தது. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கலியபெருமாள் மகனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். கடல் காற்று முகத்தில் பட்டபோது ஏழு கேள்வி சேர்ந்திருந்தது.

வீடு சுலபமாகக் கிடைத்தது. கதவு இல்லாத வீடு அது ஒன்றுதான். வாசல் நிலையில் கதவிருந்த இடத்தில் ஒரு போர்வை தொங்கியது.

துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டில் முறை வேறு. அவர்கள் வாங்க என்று சொல்லமாட்டார்கள். நாமும் வணக்கம் சொல்லமாட்டோம். பேசாமல் உள்ளே போய்த் தலையைக் குனிந்து உட்கார வேண்டும். அப்படியே செய்தேன். போர்வையை விலக்கிக்கொண்டு போய், கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவர் இருந்தார். கலியபெருமாளுக்கு அண்ணனோ தம்பியோ என்று நினைத்தேன்.

"யாருங்க? சாமான் பாக்க வந்தீங்களா?" என்றார்.

நான் நிமிரவில்லை.

"ஜன்னலுக்குன்னா அதெல்லாம் போயிடுச்சுங்க. அம்மி கிடக்கு, வேணுமா?"

அப்போதும் பேசவில்லை. முறை தெரியாத மனுஷன் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

கிழவர் உள்பக்கம் திரும்பி, "ஏம்மா சாந்தி, யாரோ வந்து உக்காந்து அழுவுறாரு. யாருன்னு கேளு. உங்க பக்கத்துல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

சாந்தி என்ற அந்த மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மல்லிகாதான் வாயைத் திறந்தாள். "திருவிடைமருதூர்லேருந்து வரோம்ங்க. கலியபெருமாள் சார் தவறிட்டாருன்னு..."

கிழவர் என் குடையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"யோவ் சர்வேயர்! நான் எப்பய்யா செத்தேன்?"

ஏழு கேள்வியும் எங்கே போயின என்று தெரியவில்லை. முதலில் வந்தது கோபம்தான்.

"சாகாமலா ரெண்டு வருஷமா ஒரு கார்டு போடல?" என்று கத்தினேன்.

அவர் வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டி, மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். பக்கவாதம். பேச்சு பிழைத்துவிட்டது, காலுக்குப் பாதி பலம் திரும்பிவிட்டது, கைக்குத் திரும்பவில்லை.

"நான் எழுதித் தரேன் மாமான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா சார்?" என்றாள் சாந்தி. "போன் நம்பர் கேட்டு ஒரு கார்டு போடுறேன்னும் சொன்னேன். வேணாம்னுட்டாரு. நீங்க போட்டதெல்லாம் தினம் எடுத்து வச்சுப் படிப்பாரு. பதில் மட்டும் போடமாட்டாரு."

"அவ எழுத்து முத்து முத்தா இருக்குங்க. அதைப் பாத்தா நான் போட்டதுன்னு நம்புவீங்களா? நான் செத்துட்டேன்னுதான் நினைப்பீங்க" என்றார் அவர்.

"இப்ப மட்டும் என்ன நினைச்சேனாம்?"

நான் விடவில்லை. "சரி, என் கார்டை எல்லாம் எதுக்கு அந்தக் காபிக் கடைக்குக் கொடுத்தீங்க?"

"கடைக்கா கொடுத்தேன்? கரையான் ஏறிடுச்சு சர்வேயர். ஒரு கட்டு மண்ணாப் போச்சு. வீட்டை வித்தாச்சு. மாயவரத்துல மகன் புடிச்சிருக்கிற வீட்ல என் பொட்டி வைக்கவே இடம் இல்ல. இவ வெந்நீர் அடுப்புல போட்டுடலாம்னா."

"எல்லாத்தையும் சொல்லல மாமா, கரையான் அரிச்சதைத்தான் சொன்னேன்" என்றாள் சாந்தி.

"எதுவா இருந்தா என்ன? கிழிக்கிறதும் எரிக்கிறதும் சாவுக் கடுதாசிக்கு. உசுரோட இருக்கிற மனுஷன் எழுத்தை அடுப்புல வைப்பாங்களா? கதவு வாங்க வந்தவன் கண்ணாடி போட்டு வைக்கிறேன்னான். கரையான் அண்டாதுன்னான். நீங்க பத்திரமா இருக்கணும்னுதான்யா கொடுத்தேன்."

"பத்திரமா? நாலு ஓரமும் கருப்பு அடிச்சு மாட்டி வச்சிருக்கான்! இதோ இவ பொறந்த கார்டை!"

கலியபெருமாள் மல்லிகாவைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "கருப்பா? அடப்பாவி" என்றார். பிறகு, "காது நல்லாத்தாம்மா இருக்கு. உங்கப்பா எப்பவும் ஒண்ணைப் பத்தா சொல்லுவாரு" என்றார்.

மல்லிகாதான் பேச்சை மாற்றினாள். "எல்லாக் கார்டும் கொடுத்துட்டீங்களா மாமா?"

"இல்லம்மா. என்னைத் திட்டி எழுதினதெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டேன். அதைப் போய் ஊரு படிக்கணுமா? அதுவே ஒரு பொட்டி இருக்கு."

எனக்கு நானே எழுதியது

சாந்தி மீன் குழம்பு வைத்தாள். அவருக்கு அவள் முள் எடுத்துக் கொடுத்தாள். அவர் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் எழுதிப் பழகியவர்களுக்கு நேரில் பேச வரவில்லை. மழை உண்டா என்று அவர் கேட்டார். உண்டு என்றேன். அதோடு முடிந்தது. மல்லிகாவும் சாந்தியும்தான் கலகலவென்று பேசிக்கொண்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் என் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தேன். பையில் எப்போதும் நாலு கார்டு இருக்கும்.

"ரெண்டு வருஷத்துப் பாக்கி இருக்கு. சொல்லுங்க, எழுதறேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

"உங்களுக்கு நீங்களே எழுதிக்குவீங்களா?"

"எழுதறது நான். போடறது நீங்க. சொல்லுங்க."

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். "ப்பா, அவர் எதிர்லதானே உக்காந்திருக்காரு? காதால கேட்டுக்க வேண்டியதுதானே?"

"நீ சும்மா இரு."

கலியபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அதுவரை பேசிய பேச்சு வேறு, இது வேறு. கார்டுக்குரிய தமிழ் தானாக வந்தது.

'அன்புள்ள நண்பருக்கு, நலம். வலது கை போய்விட்டது. மகனுக்கும் மருமகளுக்கும் குறை சொல்ல ஏதுமில்லை. தங்கள் ஒன்பது கார்டும் கிடைத்தன.'

நிறுத்தினார். கடல் பக்கத்திலிருந்து ஒரு படகு எஞ்சின் இரைந்தது. அது திக்குகிற விதத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தொடர்ந்தார்.

'தாங்கள் என்னை மறந்துவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு கார்டு வரும்போதும் இந்த மனுஷன் மறக்கமாட்டேன் என்கிறானே என்று கோபப்பட்டேன். கார்டு வராத மாதத்தில் அதைவிடக் கோபப்பட்டேன்.'

பேனா நின்றுவிட்டது.

"இதை வாயால சொல்லக்கூடாதா?" என்றேன்.

"எழுதுங்க சர்வேயர். நடுவுல பேசாதீங்க."

எழுதினேன். வரிகள் வலது பக்கம் மேலே ஏறிக்கொண்டே போயின. கடைசி வரியை ஓரத்தில் திருப்பினேன். இடது கையால் அவர் கையெழுத்துப் போட முயன்றார். 'க' மாதிரி ஒன்று விழுந்தது. திரும்பி வரும்போது ஊர் எல்லையில் இருந்த பெட்டியில் போட்டுவிடுகிறேன் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"நான் அனுப்புற கார்டை நீங்க எப்படிப் போடுவீங்க? சாந்தி போடுவா" என்றார்.

காபிக் கடையும் தபால் ஆபீசும்

காபிக் கடைக்காரருக்கு ஊர் திரும்பியதுமே ஒரு கார்டு எழுதினேன். நல்ல செய்திக்கும் சாவுச் செய்திக்கும் வித்தியாசம் தெரியாதவர் கடை நடத்தக்கூடாது என்றும், சிக்கரியைக் குறைக்க வேண்டும் என்றும். மல்லிகா நேரில் போய்ப் பேசி அவள் கார்டைக் கழற்றி வாங்கிவிட்டாள். மற்றவற்றில் கருப்பை மறைத்துச் சட்டம் மாற்றித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டாராம். காலியான இடத்தில் நான் திட்டி எழுதிய கார்டை மாட்டிவிட்டார். இப்போது அதன் முன்னால்தான் அதிகம் பேர் படம் எடுக்கிறார்களாம். இந்த ஆளை என்ன செய்வது?

என் கோபம் இப்போது அங்கே இல்லை. கலியபெருமாள் கார்டு இன்னும் வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் தினமும் எங்கள் தபால் ஆபீசுக்கே போக ஆரம்பித்தேன். அங்கே இருப்பது ஒரு சின்னப் பெண். வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நேற்றும் போய் நின்றேன்.

"இன்னிக்கும் வரலையே சார். ஏதாவது முக்கியமான விஷயமா?"

"ஆமா."

"என்ன எழுதியிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"ஒவ்வொரு எழுத்தும் தெரியும். எழுதினதே நான்தான்."

அவள் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தாள். "அப்புறம் எதுக்கு சார் தினம் வந்து கோவிச்சுக்கிறீங்க?"

"எழுதினது நான்தான்மா. அவர் அனுப்பினது இன்னும் வரலையே!"

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். ஏற்கெனவே பிரித்து முடித்த கட்டை மறுபடி மேஜையில் கொட்டினாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள்.

"உக்காருங்க சார். ரெண்டாவது பை இன்னும் பிரிக்கல."